ஒளிப்பெட்டியின்மேல் பூக்கள்: இதழை ஊடுருவும் ஒளியைப் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

விடியற்காலையில் விரிந்த பூசணிப்பூ ஒன்றைப் பறித்து, அதன் குழலை ஒரு பக்கமாகக் கீறி விரித்து, அடியிலிருந்து வெளிச்சம் வரும் வெண்பலகையின்மேல், அதாவது ஒளிப்பெட்டியின்மேல், வைத்துப் பாருங்கள். வேலியோரத்தில் தினமும் பார்த்த அதே பூதான். ஆனால் மஞ்சள் என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடும் நிறம் நரம்பின் அருகே பச்சையாகவும், மடிப்பில் காவியாகவும், விளிம்பில் எலுமிச்சைத் தோலின் நிறமாகவும் பிரிந்து நிற்பதையும், ஒவ்வொரு மடலின் நடுவிலும் ஓடும் தடித்த நரம்பிலிருந்து மெல்லிய கிளைகள் பிரிந்து வலைபோலப் பின்னிக் கிடப்பதையும் அங்கேதான் முதன்முதலாகக் காண்போம். அந்தக் காட்சியைக் கண் பார்க்கிறபடியே படமாக்கும் வழியை இங்கே தொடக்கம் முதல் கடைசிவரை எழுதுகிறேன். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் கட்டாயமில்லை. ஆனால் ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டாக வேண்டும்; பூவைத் தேர்ந்தெடுப்பது, அடுக்குவது, ஷட்டர் வேகத்தை (கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை) வைப்பது, கணினியில் இணைப்பது ஆகிய நான்கும் அந்த ஒரே கணக்கிலிருந்து பிறப்பவை.

இதழ்களின் கணக்கு

பூவின்மேல் முன்பக்கமிருந்து ஒளி விழும்போது நாம் பார்ப்பது இதழின் மேற்பரப்பிலிருந்தும் அதற்குச் சற்று உள்ளிருந்தும் சிதறித் திரும்பும் ஒளியை. அடியிலிருந்து ஒளி வரும்போதோ அது இதழின் முழுத் தடிமனையும் கடந்து வருகிறது. கடக்கும் வழியில் நிறமிகள் தமக்குரிய பங்கை எடுத்துக்கொள்கின்றன. வெள்ளைப் பூக்களில் வெள்ளை நிறமி என்று எதுவுமில்லை. இதழின் உட்திசுவில் உள்ள காற்றிடைவெளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அவை வெண்மையாகத் தெரிகின்றன. நந்தியாவட்டை இதழை விரலால் நசுக்கினால் அந்த இடம் மட்டும் கண்ணாடிபோல ஆகிவிடுவதற்குக் காரணம், இடைவெளியில் இருந்த காற்று வெளியேறி அங்கே சாறு நிரம்பிவிடுவதுதான். ஆகவே ஒளிப்பெட்டி வேலையில் விரல் பட்ட தடமெல்லாம் படத்தில் தெரியும் என்பதை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஓர் இதழ் தன்மேல் விழும் ஒளியில் பாதியை மட்டும் மேலே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். புகைப்படக்காரர் மொழியில் அது ஒரு ஸ்டாப் இழப்பு. அதன்மேல் இன்னோர் இதழ் படிந்தால் மிஞ்சியது கால்பங்கு. மூன்றாவதும் சேர்ந்தால் அரைக்கால்பங்கு. ஒற்றை இதழுக்கு ஒரு ஸ்டாப் என்றால் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. காம்பு, சூல்பை, தடித்த புல்லிவட்டம் ஆகியவற்றுக்கு ஐந்து ஆறு ஸ்டாப்கூட ஆகலாம். வெற்றுப் பலகைக்கும் பூவின் நடுப்பகுதிக்கும் இடையே இவ்வளவு பெரிய ஒளி வேறுபாடு இருப்பதால், ஒரே சொடுக்கில் எடுத்த படத்தில் விளிம்பு வெளுத்துப்போகும் அல்லது நடுப்பகுதி கரியாகும். பல படங்கள் எடுத்து இணைப்பதன் தேவை இங்கேதான் பிறக்கிறது.

இதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை, கேமராவே அளந்து சொல்லும். ஒளியளக்கும் மீட்டரை, ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் நிலையில் வைத்து வெற்றுப் பலகையைப் பாருங்கள்; 1/60 நொடி என்று காட்டுகிறது என்க. அப்பர்ச்சரையும் (லென்ஸின் துளையளவு) ஐஎஸ்ஓவையும் (ஒளியுணர்திறன்) மாற்றாமல், ஓர் இதழைப் பலகையில் வைத்து அதன் நடுவை அளந்தால் 1/30 காட்டினால் அந்த இதழின் அடர்த்தி ஒரு ஸ்டாப். 1/15 என்றால் இரண்டு ஸ்டாப். பூவின் மிக அடர்ந்த பகுதியையும் இப்படியே அளந்துவிட்டால், மொத்தம் எத்தனை படங்கள் தேவைப்படும் என்பது தொடங்குமுன்பே தெரிந்துவிடும்.

எந்தப் பூ ஒத்துழைக்கும்

அழகான பூவெல்லாம் ஒளிப்பெட்டியில் அழகாவதில்லை. மல்லிகை மொட்டு, செண்டுமல்லி, கோழிக்கொண்டை, சம்பங்கி ஆகியவை நிழலுருவமாகத்தான் நிற்கும். பூச்சந்தையில் வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு: தோவாளையிலோ மாட்டுத்தாவணியிலோ எடைபோட்டு விற்கும் உதிரிப்பூ மாலைக்கும் சரத்துக்குமானது, காம்பில்லாதது, கூடையில் ஒன்றையொன்று அழுத்தி நசுங்கியது. இந்த வேலைக்கு வீட்டுத்தோட்டமும் வேலியோரமுமே சிறந்த சந்தை.

முதல்முறை செய்பவர்கள் காகிதப்பூவில் தொடங்குவது நல்லது. நிறமாகத் தெரியும் மூன்றும் இதழ்களல்ல, பூவை ஏந்தி நிற்கும் வண்ண இலைகள். மெல்லியவை, நரம்பு தெளிந்தவை, மின்விசிறியை நிறுத்திய புழுக்கமான அறையிலும் வாடாமல் நேரம் கொடுப்பவை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒட்டியிருக்கும் சிறு குழல்பூவையும் விட்டுவைத்தால் படத்துக்கு ஒரு மையம் கிடைக்கும். அடுத்து சங்குப்பூ. அதன் அகன்ற கொடியிதழில் நீலம் நடுவே வெளுத்து மஞ்சளாக இறங்கும் இடம் பின்னொளியில் மிக அழகாக வரும்.

செம்பருத்தியில் ஒற்றையடுக்குப் பூ மட்டுமே பயன்படும். அதைப் பலகையில் தட்டையாகப் படுக்கவிடாமல் தடுப்பது அடியிலுள்ள பச்சைப் புல்லிவட்டம். அதைக் கூரிய பிளேடால் சுற்றிலும் கீறி நீக்கிவிடலாம். ஐந்து இதழ்களும் அடியில் மகரந்தத்தாள் குழாயோடு ஒட்டியிருப்பதால் பூ உதிர்ந்துவிடாது. செடியிலிருந்து தானாக விழும் செம்பருத்தியும் இப்படித்தான் ஒரே பூவாக விழும். பூவரசம்பூவுக்கும் இதே முறைதான். காலையில் மஞ்சளாக இருந்து வாடும்போது செம்மைக்கு மாறும் பூ என்பதால், ஒரே மரத்தின் இரு வேளைப் பூக்களை அருகருகே அடுக்கினால் நிறமாற்றத்தின் கதை முழுவதும் ஒரு படத்திலேயே வந்துவிடும்.

என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது கொன்றை. சித்திரை வெயிலில் சரஞ்சரமாகத் தொங்கும் அந்தப் பூவின் ஐந்து இதழ்களும் ஏறக்குறைய ஒரே மெல்லிய தடிமன் கொண்டவை. பத்து மகரந்தத்தாள்களில் மூன்று மட்டும் நீண்டு வளைந்து, கோலம் போடும் கை இழுத்த கோடுபோல இருக்கும். சரத்தை முழுவதும் வைக்காதீர்கள். அடர்ந்த மேல்பகுதியை நீக்கி, நாலைந்து பூக்களும் இரண்டு மூன்று மொட்டுகளும் உள்ள நுனியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

காய்கறிக்கொடிகளை மறந்துவிட வேண்டாம். பூசணி விடியலில் விரிந்து வெயில் ஏறுமுன் சுருங்கத் தொடங்கும். வெள்ளைச் சுரைப்பூவும் மஞ்சள் பீர்க்கம்பூவும் மாலையில் விரிபவை. இரவில் படமெடுப்பவர்களுக்குச் சுரைப்பூ ஒரு வரம். அதன் சுருக்கம் விழுந்த இதழைப் பின்னொளியில் பார்த்தால் கசங்கிய மஸ்லின் துணியை விளக்கின்முன் பிடித்ததுபோல இருக்கும்.

தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தளின் அலையிதழ்கள் ஆறும் இந்த முறைக்கென்றே அமைந்தவை. ஆனால் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர்ப் பக்கம் விதைக்காகப் பயிரிடப்படும் அந்தக் கொடியின் எல்லாப் பகுதிகளிலும் கொல்சிசின் என்ற நஞ்சு உண்டு. கையுறை அணிந்து கையாளுங்கள், வேலை முடிந்ததும் பலகையையும் இடுக்கியையும் கழுவுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெட்டிய துண்டுகளை மேசையில் விட்டுவைக்காதீர்கள். அரளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பறிப்பதற்கு முன்பே பெட்டி, கேமரா எல்லாம் நிறுத்தித் தயாராக இருக்க வேண்டும். பூ வந்தபின் டிரைபாடைத் திருகிக்கொண்டிருந்தால் செம்பருத்தி காத்திருக்காது. காலைப் பனி உலர்ந்தபின் நீண்ட காம்போடு வெட்டி உடனே நீரில் நிறுத்துங்கள். எறும்பும் பேன்பூச்சியும் வெளியேற அரைமணி நேரம் நிழலில் விடுங்கள். தள்ளிப்போட வேண்டியிருந்தால் மூடியுள்ள டப்பாவின் அடியில் ஈரச் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஓர் உலர்ந்த தாளையும் இட்டுப் பூவை வைத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். இதழின்மேல் நீர் தெளிக்க வேண்டாம். துளி ஒவ்வொன்றும் ஒரு சிறு லென்ஸாகி அடியிலுள்ள ஒளியைக் குவித்து, வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் நிற்கும்.

ஒளிப்பெட்டி

படச்சுருள் காலத்தில் ஸ்டுடியோக்காரர் நெகடிவை டச்சப் செய்ய வைத்திருந்ததும், மருத்துவர் எக்ஸ்ரே பார்க்கச் சுவரில் மாட்டியிருந்ததும் இதே பெட்டிதான். இன்று ஓவியம் பயில்பவர்கள் படியெடுக்கப் பயன்படுத்தும் எல்.இ.டி. பலகை ஏ4, ஏ3 அளவுகளில் எளிதாகக் கிடைக்கிறது. ஒற்றைப் பூவுக்கு ஏ4 போதும். கொடியும் கொத்துமாக அடுக்க ஏ3 வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது வெளிச்சத்தின் அளவைவிட அதன் தரம். வெள்ளை எல்.இ.டி. என்பது பெரும்பாலும் ஒரு நீல விளக்கின்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சைப் பூசியது; மலிவான பூச்சில் ஆழ்ந்த சிவப்பு குறைந்துபோகும். நான் முதலில் வாங்கிய பலகையில் எல்லா மஞ்சளும் வெள்ளையும் சரியாக வந்தன, செம்பருத்தி மட்டும் செங்கல் நிறமாகவே இருந்தது. பெட்டியின்மேல் அச்சிடப்படும் சி.ஆர்.ஐ. என்ற நிறத்தர எண் எட்டு மென்னிற மாதிரிகளின் சராசரி, ஆழ்ந்த சிவப்பைக் குறிக்கும் ஆர்9 அதில் சேராது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். சி.ஆர்.ஐ. 95க்கு மேல் இருப்பதோடு ஆர்9 எண்ணையும் தனியாகக் குறிப்பிட்டிருக்கும் பலகையைத் தேடி வாங்குங்கள்.

இரண்டாவது, சிமிட்டல். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நேரடியாக அதில் ஓடும் விளக்குகள் பல நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. யுஎஸ்பியில் ஓடும் பலகைகளிலும் வெளிச்சத்தைக் குறைக்கும்போது விளக்கை அணைத்து அணைத்து எரியவிடுவதே வழக்கமான உத்தி. இரண்டுமே படத்தில் கருமையான பட்டைகளாக விழலாம். அலைபேசிக் கேமராவைப் பலகைக்கு நேரே பிடித்தால் திரையில் பட்டைகள் ஓடுவதைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். பலகையை எப்போதும் முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, 1/25 நொடியைவிட வேகமான ஷட்டரைத் தவிர்ப்பது பாதுகாப்பான வழி.

வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புபவர்களுக்கு, மின்சாமான் கடையில் பொய்க்கூரைக்கென்று விற்கும் இரண்டுக்கு இரண்டு அடி எல்.இ.டி. பேனல் நல்ல அடித்தளம். அதை நேரடியாகப் பயன்படுத்தாமல், நான்கு மூலைகளிலும் கட்டைகள் வைத்து ஐந்து செ.மீ. உயரத்தில் 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்றைப் பரப்புங்கள். பேனலின் பரப்பிலுள்ள புள்ளிகளும் தூசும் குவியத்துக்கு வெளியே போய்விடும், வெளிச்சமும் இன்னும் சீராகும். அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் தேய்த்தால் மின்னூட்டம் ஏறி மகரந்தத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், சற்றே ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுப்பதே முறை.

கேமராவை நிறுத்துதல்

கேமரா பலகைக்கு நேர் மேலே, சென்சார் பலகைக்கு இணையாக, தரையைப் பார்த்து நிற்க வேண்டும். நடுத்தண்டைக் கிடையாகத் திருப்பக்கூடிய டிரைபாட் இருந்தால் நல்லது. அதன் மறுமுனையில் ஒரு பையைத் தொங்கவிட்டு எடையைச் சமன்செய்யுங்கள். இணையாக நிற்கிறதா என்று பார்க்க ரசமட்டத்தைவிட நுட்பமான வழி ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடி. அதைப் பலகையின் நடுவில் வைத்துக் கேமரா வழியே பார்த்தால் லென்ஸின் பிம்பம் தெரியும்; அது சட்டகத்தின் நட்ட நடுவில் விழும்வரை கேமராவைத் திருத்தினால் வேலை முடிந்தது.

50 முதல் 105 மி.மீ. வரையுள்ள மேக்ரோ லென்ஸ் சிறந்தது. கேமராவோடு வரும் 18–55 லென்ஸைக் கொண்டும் 55 முனையில் வைத்து நல்ல படம் எடுக்கலாம். அகன்ற முனைக்குப் போனால் ஓரத்துப் பூக்கள் இழுபட்டதுபோல ஆகும். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8 அல்லது எஃப் 11; எஃப் 16ஐத் தாண்டினால் ஒளியின் விளிம்பு விளைவால் நரம்புகளின் கூர்மை மழுங்கத் தொடங்கும். கோப்பு, சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா வடிவில் இருக்கட்டும். குவியத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் வைத்து, பின் அதைத் தொடாதீர்கள். லென்ஸின் அதிர்வுத்தடுப்பை அணைத்து, இரண்டு நொடி டைமரில் சொடுக்குங்கள்.

மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு நொடி திறந்திருக்கும் ஷட்டருக்கு முன்னால் சங்குப்பூவின் இதழ் ஒரு நூலளவு அசைந்தாலும் பின்னர் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா. அறைவிளக்கை அணைத்து சன்னலைத் திரையிட்டு மூடுங்கள், மேலிருந்து விழும் ஒளி ஊடுருவும் ஒளியின் நிறத்தைக் கலைத்துவிடும். சூலகமுடி, மகரந்தப்பை போன்ற அடர்ந்த உறுப்புகளுக்கு மட்டும் முன்பக்க ஒளி கொஞ்சம் வேண்டுமென்று தோன்றினால், பலகையின் இரு பக்கமும் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வையுங்கள். பலகையின் ஒளியே அதில் பட்டுத் திரும்பிவரும், நிறமும் மாறாது.

அலைபேசியில் எடுப்பவர்கள் இரண்டு புத்தக அடுக்குகளுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து அதன்மேல் அலைபேசியைக் கவிழ்த்து வைக்கலாம். அகலக்கோண லென்ஸைத் தவிர்த்து, கையால் ஷட்டரை மாற்ற இடம் தரும் ப்ரோ முறையில் எடுத்தால் மற்றவையெல்லாம் ஒன்றே.

அடுக்குதல்

இதைப் பூ அலங்காரமாக எண்ணாமல் அடர்த்தியை வரைவதாக எண்ணுங்கள். காகிதத்தில் பென்சில் கோடு கூடக் கூட இருள்வதுபோல, இங்கே இதழ்மேல் இதழ் விழும் இடம் இருள்கிறது. எங்கே ஓர் இதழ், எங்கே இரண்டு, எங்கே மூன்று என்பதை நீங்களே முடிவுசெய்கிறீர்கள். இரண்டு இதழ்கள் பிறைவடிவில் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது மூன்றாவதாக ஒரு நிறவடிவம் பிறக்கும். மஞ்சள் கொன்றையின்மேல் நீலச் சங்குப்பூவின் விளிம்பு விழுந்தால் அங்கே வரும் பசுமை எந்தப் பூவிலும் இல்லாத பசுமை. நான்கு இதழ்களுக்கு மேல் ஓரிடத்தில் சேரவிடாதீர்கள். அதற்குமேல் போனால் நரம்பு தெரியாது, சேறுபோன்ற பழுப்புதான் மிஞ்சும்.

முதலில் காம்புகளை வைத்து அமைப்பின் ஓட்டத்தைத் தீர்மானித்துவிட்டுப் பிறகு பூக்களுக்கு வாருங்கள். தடித்த காம்பை நீளவாக்கில் பிளேடால் பாதியாகச் சீவி, வெட்டுமுகம் கீழே இருக்குமாறு வைத்தால் கருங்கோடாகத் தெரியாமல் பச்சையாக ஒளிரும். பூவின் அடிப்புறத் தடிமனையும் இவ்வாறே சீவலாம். எல்லாவற்றையும் தட்டைமுனை இடுக்கியால் காம்பிலோ அடியிலோ பிடித்துக் கையாளுங்கள். நந்தியாவட்டை, அரளி போன்ற பால்வடியும் செடிகளின் வெட்டுமுனையை மெல்லிய தாளில் ஒற்றியெடுத்தபின்பே பலகைக்குக் கொண்டுவாருங்கள். விழுந்த மகரந்தத்தை நீர்வண்ணத் தூரிகையால் அப்போதே தட்டிவிடுங்கள். கணினியில் ஒவ்வொரு துகளாக நீக்குவது ஒரு மாலைப்பொழுதை விழுங்கும்.

சுற்றிலும் வெற்றிடத்தைத் தாராளமாக விடுங்கள். பலகையின் கால்பங்கையாவது வெறுமையாக விட்ட படங்களே எனக்கு நிறைவு தந்திருக்கின்றன.

படங்களின் வரிசை

மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக்கும் அளவையே சொல்லும். ஆகவே ஒளிரும் வெண்பலகையைப் பார்த்து அது சொல்வதைக் கேட்டால் சாம்பல் பின்புலம்தான் கிடைக்கும். நாம் தொடங்க வேண்டியது அதைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூடுதலான இடத்தில். எஃப் 11, ஐஎஸ்ஓ 100இல் மீட்டர் 1/50 சொன்னால் முதல் படம் 1/25. பிறகு அப்பர்ச்சரைத் தொடாமல் ஷட்டரை மட்டும் ஒவ்வொரு ஸ்டாப்பாக நீட்டிக்கொண்டே போங்கள்: 1/25, 1/13, 1/6, 0.3, 0.6, 1.3 நொடி. அப்பர்ச்சரை மாற்றினால் கூர்மை படரும் ஆழம் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். உங்கள் பலகை இதைவிடப் பிரகாசமாக இருந்தால் ஷட்டரை வேகப்படுத்தாமல், ஒளியைக் குறைக்கும் சாம்பல்நிற என்டி ஃபில்டரை மாட்டுங்கள்.

இந்த ஆறு படங்களுக்கும் ஆறு பொறுப்புகள் உண்டு. முதல் படத்தில் பின்புலம் இன்னும் வெளிர்சாம்பலாகவே இருக்கும், ஆனால் மிக மெல்லிய இதழ்விளிம்பும் அதன் நுண்நரம்பும் அதில் மட்டுமே முழுமையாக இருக்கும். மூன்றாவது நான்காவது படங்களில் பின்புலம் வெளுத்துவிட்டிருக்கும். இரட்டை இதழ்ப் பகுதிகள் நிறம் நிறைந்து நிற்கும். கடைசிப் படத்தில் விளிம்புகள் எல்லாம் கரைந்து மறைந்துபோய், காம்பும் சூல்பையும் மட்டும் உள்ளிருந்து ஒளிரும். முன்பு ஸ்பாட் மீட்டரில் அளந்த அடர்த்தி ஏழு ஸ்டாப் என்று வந்திருந்தால் இன்னும் ஒரு படம் சேர்த்துக்கொள்ளுங்கள். காகிதப்பூவுக்கு நான்கே போதும்.

ஒளிர்வின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்க்கும்போது மூன்று நிறங்களுக்குமான தனித்தனி வரைபடங்களையும் பாருங்கள். செம்பருத்தியில் மொத்த வரைபடம் நலமாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். அங்கே நரம்புகள் அழிந்து இதழ் பூசிமெழுகியதுபோல ஆகிவிடும். அப்படியானால் மீட்டர் சொன்ன அளவிலேயே இன்னொரு படம் எடுத்து வரிசையின் முன்னால் சேருங்கள். ஷட்டர் 1/25ஐவிட வேகமாக வேண்டியிருந்தால் அதற்கும் என்டி ஃபில்டரே வழி.

பூக்களை எடுத்தபின், கேமராவை அசைக்காமல், வெற்றுப் பலகையை மட்டும் சாம்பலாக வரும் அளவில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் ஒயிட் பேலன்ஸை அந்தப் படத்தில் குத்தியெடுத்து எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவாக இடலாம். பலகையின் ஓரங்கள் மங்கலாக இருப்பதும் அதில் தெரிந்துவிடும்.

கணினியில் இணைத்தல்

தானாக இணைக்கும் எச்டிஆர் மென்பொருள்களிடம் இதை ஒப்படைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வெளுத்திருக்க வேண்டிய பின்புலத்துக்கும் அவை விவரம் தேடி, அதைச் சாம்பலாக்கிப் பூவைச் சுற்றி ஒளிவட்டம் போட்டுவிடுகின்றன. கையால் இணைப்பது மெதுவான வேலை என்றாலும், எந்த இதழ் எந்தப் படத்திலிருந்து வர வேண்டும் என்பதை அறிந்தவர் அடுக்கியவர்தான்.

ஃபோட்டோஷாப், கிம்ப் இரண்டிலும் முறை ஒன்றே. ஆறு படங்களையும் ஒரே கோப்பில் லேயர்களாக ஏற்றுங்கள்: மிகப் பிரகாசமானது அடியில், அதற்கு மேல் படிப்படியாக இருண்டவை, மிக இருண்டது உச்சியில். அடியிலுள்ளதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கறுப்பு மாஸ்க் (கறுப்பு பட்ட இடத்தை மறைத்து, வெள்ளை பட்ட இடத்தைக் காட்டும் திரை) போட்டு மறைத்துவிடுங்கள். இப்போது திரையில் தெரிவது வெள்ளை வெளியில் மிதக்கும் காம்பும் சூல்பையும் மட்டுமே. இரண்டாவது லேயரின் மாஸ்கில், விளிம்பு மென்மையான வெள்ளை பிரஷை 20 சதவீத அடர்வில் வைத்து, மூன்று இதழ் சேர்ந்த பகுதிகளைத் தடவித் தடவி வெளிக்கொணருங்கள். மூன்றாவது லேயரில் இரட்டை இதழ்கள், அதற்கு மேல் ஒற்றை இதழ்கள், உச்சியில் விளிம்பும் நுண்நரம்பும் என்று, இதழ்களை எண்ணிய அதே வரிசையில் மேலேறுங்கள். ஒரே தடவில் முழுவதையும் கொண்டுவர முயன்றால் பூ ஒட்டவைத்ததுபோலத் தெரியும். குறைந்த அடர்வில் நான்கைந்து முறை தடவுவதே இயல்பான சாய்வைத் தரும்.

இதழ்விளிம்பைத் தாண்டி பிரஷ் போன இடங்களில், இருண்ட படத்தின் சாம்பல் பின்புலமும் கூடவே வந்து படிந்திருக்கும். வெண்திரையில் அது கண்ணுக்குத் தெரியாது, அச்சிட்டபின் அழுக்காகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக, ஒளிர்வைத் திருத்தும் ஒரு லெவல்ஸ் லேயரைச் சேர்த்து, அதன் கறுப்பு முனையை வலப்பக்கம் கடைசிவரை இழுங்கள். மறைந்திருந்த அழுக்கெல்லாம் கரும்படலமாகத் துலங்கும். அந்த இடங்களில் மாஸ்கைக் கறுப்பால் துடைத்துவிட்டு, லெவல்ஸ் லேயரை நீக்குங்கள்.

இவ்வளவு முடிந்தபின் நிறச்செறிவைக் கூட்டும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஊடுருவும் ஒளி ஏற்கெனவே நிறத்தைச் செறிவாக்கித்தான் தந்திருக்கிறது. இன்னும் கூட்டினால் இதழின் கண்ணாடித்தன்மை போய்ப் பிளாஸ்டிக் பூவாகிவிடும். தேவைப்பட்டால் நரம்புகளுக்கு மட்டும் சிறிது உள்மாறுபாட்டை (அருகருகே உள்ள ஒளி-இருள் வேறுபாட்டை) கூட்டுங்கள்.

கறுப்புக்கு மாற்றுதல், தாளில் பதித்தல்

முடித்த படத்தின் ஒரு பிரதியை லேப் நிறமுறைக்கு மாற்றி, ஒளிர்வைக் குறிக்கும் எல் சேனலை மட்டும் தலைகீழாக்கிப் பாருங்கள். நிறத்தைத் தாங்கும் மற்ற இரு சேனல்களும் அப்படியே இருப்பதால் செம்பருத்தி சிவப்பாகவே இருக்கும், வெள்ளை வெளி மட்டும் கும்மிருட்டாகும். கிம்பில் நிறக்கூறுகளாகப் பிரித்து, எல் கூற்றைத் திருப்பி, மீண்டும் சேர்த்தால் இதே பலன். அடர்த்தியின் வரிசையும் இதில் புரண்டுவிடுகிறது: மூன்று இதழ்கள் சேர்ந்து இருண்டிருந்த இடம் இப்போது மிகப் பிரகாசமாக எரியும், ஒற்றை இதழ் புகைபோல மங்கி இருளில் கலக்கும். எல்லா அடுக்கலும் இதைத் தாங்காது. மேற்படிதல்கள் மிகுந்த அமைப்புகள் மட்டுமே கறுப்பில் உயிர்பெறும்.

வெண்பின்புலப் படத்தைக் கைக்காகிதத்தின்மேல் வரைந்ததுபோலக் காட்ட விரும்பினால், அந்தக் காகிதத்தை ஸ்கேன் செய்து அடியில் வைத்து, பூ லேயரை மல்டிப்ளை முறைக்கு மாற்றுங்கள். வெள்ளை அப்படியே மறைந்து காகிதத்தின் நார் தெரியும், இதழ் வழியாகவும் தெரியும்.

அச்சுக்குப் பளபளப்பில்லாத பருத்தித்தாள்தான் பொருத்தம். பளபளப்பான தாளில் மை விழுந்த இதழும் மை விழாத வெள்ளையும் வெவ்வேறு மினுக்கத்தோடு நின்று, பூவைச் சுற்றி ஒரு கரை கட்டியதுபோலக் காட்டும். 24 மெகாபிக்ஸல் கோப்பு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஏறக்குறைய 20க்கு 13 அங்குலம் வரை குறையின்றி வரும். அச்சகத்துக்கு அனுப்புமுன் சிவப்பும் நீலமும் தாளில் எப்படி அடங்கும் என்பதை ஒரு சிறு துண்டில் சோதித்துப் பாருங்கள். சங்குப்பூவின் நீலமே பெரும்பாலும் முதலில் மங்குவது. அந்தச் சோதனைத்துண்டை வெயில்படும் சன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்க்காமல், சுவரில் மாட்டப்போகும் இடத்திலேயே, அங்கே எரியும் விளக்கிலேயே வைத்துப் பாருங்கள்.